அம்மா பெயரின் மேல் ‘நீக்கம்’: ஓட்டு நம் அடிப்படை உரிமையா, இல்லையா?

வைகைக்கரை | 21 ஏப்ரல் 2024

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போனேன். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி வேறு. ஆனாலும் ஓட்டு நாளன்று வெயில் ஏறுவதற்குள் போட்டுவிட வேண்டும் அவருக்கு. முந்தின நாளே சேலையைத் தேய்த்து எடுத்து வைத்திருந்தார். எனக்கும் தம்பிக்கும் பூத் சிலிப் வந்திருந்தது, அம்மாவுக்கு மட்டும் வரவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். அட்டைதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

முதல் மேசையில் இருந்தவர் பக்கத்தைப் புரட்டி, அம்மாவின் கட்டத்தைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த பிறகு எதுவும் சொல்லவில்லை. காகிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பெயர், அப்பா பெயர், வீட்டு எண் எல்லாம் சரி. ஆனால் கட்டத்தின் குறுக்கே ‘நீக்கப்பட்டது’ என்று இருந்தது. ஓரத்தில் ஓர் ஒற்றை எழுத்து. இறந்தவர்களுக்குப் போடும் குறி அது என்று அவரே விளக்கினார்.

“உயிரோடு எதிரில் நிற்கிறாரே சார்” என்றேன். அவர் பாவம், எழுந்து நின்று அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். “என் கையில் எதுவும் இல்லம்மா” என்றார். அம்மா அவரிடம், “சரி, அப்போ நான் எங்கே போய்ப் போடணும்?” என்று கேட்டார். அதற்கு அங்கிருந்த யாரிடமும் பதில் இல்லை.

1977இல் தொடங்கி ஒரு தேர்தலைக்கூட விட்டதில்லை அம்மா. என் கேள்விகள் இரண்டு. ஒன்று, ‘49பி’ (49P) என்று ஒரு பிரிவு உண்டு, அதைச் சொன்னால் ஓட்டுப் போட விட்டே ஆக வேண்டும் என்கிறார்களே, அதை நான் கேட்டிருக்க வேண்டுமா? இரண்டு, ஓட்டு நம் அடிப்படை உரிமை என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதை ஒரு குமாஸ்தா ஒரு கோடு போட்டு எடுத்துவிட முடியுமா?

---

கரும்பலகை | 21 ஏப்ரல் 2024

அம்மாவை நினைத்து மனசு கஷ்டமாக இருக்கிறது. நான் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 1989 நவம்பரில் முதல் முறையாகத் தேர்தல் பணிக்குப் போனேன். 18 வயதுக்காரர்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்ட மக்களவைத் தேர்தல் அது. அதற்கு முன் 21. எங்கள் பள்ளியில் படித்து முடித்த பையன்கள் இரண்டு பேர் வரிசையில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு பல தேர்தல்களில் தலைமை அலுவலராகவே இருந்திருக்கிறேன்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். 49பி உங்களுக்கு உதவியிருக்காது. அது டெண்டர் ஓட்டு பற்றிய விதி. உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது, ஆனால் நீங்கள் போவதற்குள் வேறு யாரோ உங்கள் பெயரில் போட்டுவிட்டுப் போய்விட்டார் என்றால் மட்டும்தான் அது. அப்போது உங்களை இயந்திரத்தில் போட விடமாட்டோம். காகித வாக்குச்சீட்டு ஒன்று கொடுப்போம். அம்புக்குறி முத்திரை குத்தி மடித்துக் கொடுத்தால், தனி உறையில் போட்டு வைப்போம். எண்ணும் நாளில் அந்த உறையைத் தொட மாட்டார்கள். தேர்தல் வழக்கு வந்து, நீதிமன்றம் சொன்னால்தான் வெளியே வரும்.

‘சவால் ஓட்டு’ என்று இன்னொன்றையும் வாட்ஸ்அப்பில் சுற்ற விடுகிறார்கள், பெயரே இல்லாவிட்டாலும் அதைக் கேட்டுப் போடலாம் என்று. அது தவறு. சவால் என்பது வாக்காளர் எழுப்புவது இல்லை, பூத் ஏஜெண்ட் எழுப்புவது. “இவர் அந்த ஆள் இல்லை” என்று இரண்டு ரூபாய் கட்டிச் சவால் விடுவார், நான் அங்கேயே விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். பெயர் இல்லாதவருக்கு இந்த இரண்டுமே வழி இல்லை.

முதல் மேசை அலுவலரிடம் இருக்கும் பட்டியலை நாங்கள் ‘மார்க்டு காப்பி’ என்போம். ஓட்டுப் போட வந்தவரின் கட்டத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பார். பெண் என்றால் வரிசை எண்ணைச் சுற்றி ஒரு வட்டமும் போடுவார். அந்தக் கட்டம் இல்லை என்றால் கோடு போட இடம் இல்லை, அவ்வளவுதான். தலைமை அலுவலருக்குப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவும் அதிகாரம் கிடையாது, நீக்கவும் கிடையாது. அந்தக் காகிதம் எங்கள் கைக்கு வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடுகிறது.

---

கொல்லிமலைச் சாரல் | 22 ஏப்ரல் 2024

ஐயா சொன்னது முழுக்கச் சரி. இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். நான் வக்கீல், நாமக்கல் பக்கம். ஊர்ப் பெயரைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஓட்டு அடிப்படை உரிமை இல்லை என்ற தீர்ப்பு எங்கள் ஊர்த் தொகுதியில் இருந்துதான் பிறந்தது.

1951 கடைசியில், குடியரசின் முதல் பொதுத் தேர்தல். அப்போது நாமக்கல் சேலம் ஜில்லாவில் இருந்தது. சென்னை சட்டசபைக்கு நாமக்கல்லில் நிற்க என்.பி.பொன்னுசாமி என்பவர் மனு போட்டார். பரிசீலனையில் தேர்தல் அதிகாரி அதைத் தள்ளிவிட்டார். பொன்னுசாமி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தேர்தல் நடக்கும்போது நாங்கள் குறுக்கே வர முடியாது என்று அங்கே கைவிரித்தார்கள். அப்புறம் உச்ச நீதிமன்றம். 1952 ஜனவரி 21, ஆறு நீதிபதிகள். அரசியலமைப்பின் 329(பி) பிரிவுப்படி, தேர்தல் அறிவிப்பு முதல் முடிவு வரை எல்லாம் ஒரே சங்கிலி, நடுவில் ரிட் மனு போட்டு நிறுத்த முடியாது, எல்லாம் முடிந்த பிறகு தேர்தல் வழக்காகத்தான் கொண்டுவர வேண்டும் என்றார்கள். கூடவே இன்னொன்றையும் சொன்னார்கள். ஓட்டுப் போடுவதும் தேர்தலில் நிற்பதும் சட்டம் கொடுத்த உரிமை, அந்தச் சட்டம் போட்ட வரம்புக்குள்தான் அது இருக்கும்.

1982இல் ஜோதி பாசு வழக்கிலும் இதையே திருப்பிச் சொன்னார்கள், ஜனநாயகத்துக்கே அடிப்படையான ஒன்று அடிப்படை உரிமையாக இல்லாதது ஒரு முரண்தான் என்று ஒப்புக்கொண்டே. நடுவில் சில விரிவுகள் வந்தன. வேட்பாளரின் சொத்து, வழக்கு விவரங்களைத் தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்று 2002இலும் 2003இலும் சொன்னார்கள். யாருக்கும் போட விருப்பமில்லை என்பதற்கும் ஒரு பொத்தான் வேண்டும் என்று 2013இல் நோட்டா வந்தது. அந்தத் தீர்ப்புகளின் தர்க்கம் இதுதான்: சாவடிக்குள் போய்ப் பொத்தானை அழுத்தும் செயல் கருத்துச் சுதந்திரம், அது அடிப்படை உரிமை. ஆனால் சாவடிக்குள் போகத் தகுதி தரும் உரிமை வெறும் சட்ட உரிமை.

வைகைக்கரை அம்மா விஷயத்தில் இந்த வேறுபாடு எப்படி வேலை செய்கிறது பாருங்கள். உள்ளே போயிருந்தால் அவருக்கு அரசியலமைப்பின் முழுப் பாதுகாப்பும் உண்டு. வாசலிலேயே நிறுத்தப்பட்டதால் 1950ஆம் ஆண்டின் ஒரு சட்டமும் சில படிவங்களும் மட்டும்தான்.

---

பெருங்களத்தூர் ரயில் | 22 ஏப்ரல் 2024

அக்கா, நடந்தது தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்கள் தாத்தா இறந்து ஆறு வருடம் ஆகிறது. இந்தத் தேர்தலுக்கும் அவருக்குப் பூத் சிலிப் வந்தது. நாங்கள் குடியிருக்கும் வீட்டு முகவரியில் முன்னால் வாடகைக்கு இருந்தவர்கள் நான்கு பேர் இன்னும் பட்டியலில் இருக்கிறார்கள். இப்படி இருந்தால் கள்ள ஓட்டுப் போட வேண்டும் என்று நினைப்பவனுக்கு எவ்வளவு வசதி? பட்டியலைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். சுத்தம் செய்தால் ஒன்றிரண்டு தவறு வரத்தான் செய்யும். அதற்காக நீக்கவே கூடாது என்றால் எப்படி?

---

வைகைக்கரை | 22 ஏப்ரல் 2024

தம்பி, நீக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டுவிட்டு நீக்கியிருக்கலாம். எங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. அதே வீட்டில், அதே பட்டியலில், எனக்கும் தம்பிக்கும் சிலிப் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுத்தவரிடம் அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார்!

ராதாபுரத்தில் 2016 சட்டமன்றத் தேர்தலில் வித்தியாசம் 49 ஓட்டு. கர்நாடகத்தில் சந்தேமரஹள்ளியில் 2004இலும் ராஜஸ்தானில் நாத்துவாராவில் 2008இலும் ஒரே ஒரு ஓட்டு. ஒன்றிரண்டு தவறு என்று சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை என்னால்.

---

கொல்லிமலைச் சாரல் | 23 ஏப்ரல் 2024

இங்கே சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, நிறையப் பேர் கவனித்திருக்க மாட்டார்கள். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 22. ஒருவர் ஊரை விட்டுப் போய்விட்டார், அல்லது தகுதி இல்லாதவர் என்று நீக்குவதாக இருந்தால், அவருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்புத் தர வேண்டும். 1995இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. மும்பையிலும் டெல்லியிலும் குடிசைப் பகுதி மக்களைக் கும்பலாக, ‘குடிமகன் என்று நிரூபி’ என்று அலைக்கழித்த விவகாரம் அது. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர் முறைப்படிதான் சேர்க்கப்பட்டிருப்பார் என்று கருதித்தான் அதிகாரி தொடங்க வேண்டும், சந்தேகத்துக்குக் காரணத்தையும் சொல்ல வேண்டும் என்றார்கள்.

ஆனால் பிரிவு 22இன் வாசகப்படி, ‘இறந்துவிட்டார்’ என்ற காரணத்துக்கு மட்டும் அந்த வாய்ப்புத் தரச் சொல்லவில்லை. இயல்புதானே, இறந்தவருக்கு எப்படி நோட்டீஸ் கொடுப்பது? அதனால் உயிரோடு இருப்பவரை ‘இறந்தவர்’ என்று குறித்துவிட்டால், மற்ற எல்லோருக்கும் கிடைக்கும் பாதுகாப்பு அவருக்கு மட்டும் கிடைக்காது. பெருங்களத்தூர் தம்பி கவலைப்படும் சுத்தம் செய்யும் வேலையை, இறப்புச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு செய்தால் போதும். இரண்டு பேர் கவலையும் ஒரே காகிதத்தில் தீரும்.

அப்புறம், வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள் முடிந்த பிறகு பட்டியலில் யாரையும் சேர்க்க முடியாது. ஆகவே சாவடியில் போய்த் தெரிந்துகொண்டால் அந்தத் தேர்தல் போனது போனதுதான். அம்மாவுக்கு இப்போது பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுங்கள். மறுத்தால் மாவட்ட ஆட்சியரிடம் முதல் மேல்முறையீடு, அதற்கு மேல் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி. முன்பெல்லாம் 18 வயது ஆகிவிட்டதா என்று பார்க்கும் தகுதி நாள் ஜனவரி 1 மட்டும்தான். 2022இல் இருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு நாட்கள் ஆக்கிவிட்டார்கள்.

---

கரும்பலகை | 23 ஏப்ரல் 2024

பட்டியல் விஷயத்தில் பெண்கள்தான் முதலில் அடிபடுகிறார்கள். முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, வட இந்தியாவில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. ‘இன்னாருடைய மனைவி’, ‘இன்னாருடைய அம்மா’ என்றுதான் சொன்னார்கள். சொந்தப் பெயர் இல்லாமல் சேர்க்க முடியாது என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்தும் சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலுக்கு வெளியே போனார்கள். வாக்காளர்கள் மொத்தம் 17 கோடிக்கு மேல். சென் செய்தது சரியா தவறா என்று ஆசிரியர் அறையில் நாங்கள் பலமுறை சண்டை போட்டிருக்கிறோம். சரி என்றுதான் நான் சொல்வேன். அடுத்த தேர்தலில் அந்தப் பெண்கள் தங்கள் பெயரிலேயே வந்தார்கள். ஆனால் அந்த ஒரு தேர்தல் அவர்களுக்குப் போய்விட்டது என்பதும் உண்மை.

---

பெருங்களத்தூர் ரயில் | 24 ஏப்ரல் 2024

வக்கீல் அண்ணா, ஒரு சந்தேகம். இவ்வளவு முக்கியமான உரிமையை அரசியலமைப்பு எழுதியவர்கள் ஏன் அடிப்படை உரிமைப் பகுதியில் வைக்கவில்லை? மறந்துவிட்டார்களா?

---

கொல்லிமலைச் சாரல் | 24 ஏப்ரல் 2024

மறக்கவில்லை. அடிப்படை உரிமைகளுக்கான துணைக்குழு அதைச் சேர்த்துத்தான் எழுதியிருந்தது. 1947இல் அந்தப் பகுதியில் இருந்து எடுத்து, அரசியலமைப்பின் வேறு இடத்தில் வைக்கலாம் என்று முடிவானது. அந்த வேறு இடம்தான் பகுதி 15, பிரிவு 324 முதல் 329 வரை. வயது வந்த குடிமகன் ஒவ்வொருவருக்கும் பட்டியலில் பதிய உரிமை உண்டு என்று 326 சொல்கிறது. ஒரு தொகுதிக்கு ஒரே பட்டியல், மதம், இனம், சாதி, பால் காரணமாக யாரையும் விலக்கக் கூடாது என்று 325 சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் சொத்தும் படிப்பும் உள்ளவனுக்குத்தான் ஓட்டு, அதிலும் மதவாரியாகத் தனித்தனித் தொகுதி. அந்த இரண்டையும் ஒரே வீச்சில் வெட்டிய பிரிவுகள் இவை.

1949 ஜூன் 15 அன்று அம்பேத்கர் தேர்தல் ஆணையம் பற்றிய பிரிவை அவையில் முன்வைத்தார். முதலில் மாகாணத்துக்கு ஓர் ஆணையம் என்றுதான் வரைவு இருந்தது. அதை மாற்றி நாடு முழுவதற்கும் ஒரே ஆணையம் என்று ஏன் கொண்டுவருகிறேன் என்று விளக்கினார். சில மாகாணங்களில் மொழியாலும் இனத்தாலும் பண்பாட்டாலும் வேறுபட்டவர்களை உள்ளூர் அரசுகள் பட்டியலில் சேர விடாமல் வைத்திருப்பதாகத் தகவல் வந்தது, ஓர் அதிகாரியின் விருப்பு வெறுப்பால் ஒரு மனிதன் பட்டியலுக்கு வெளியே போய்விடக் கூடாது என்றார். தேர்தல் ஆணையம் பிறந்ததற்குப் பட்டியல்தான் முதல் காரணம் என்று இதனால்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன். இயந்திரம், மை, துணை ராணுவம் எல்லாம் அப்புறம்தான்.

2023 மார்ச்சில் தேர்தல் ஆணையர் நியமனம் பற்றிய தீர்ப்பு வந்தது இல்லையா, அதில் நீதிபதி அஜய் ரஸ்தோகி தனியாக ஒரு தீர்ப்பு எழுதினார். ஓட்டுரிமை வெறும் சட்ட உரிமை இல்லை, அடிப்படை உரிமைதான் என்று. மற்ற நான்கு நீதிபதிகள் அந்த அளவுக்குப் போகவில்லை. பொன்னுசாமி வழக்கின் நிழல் இன்னும் விலகவில்லை.

---

தேயிலைக்கொழுந்து | 26 ஏப்ரல் 2024

அக்கா, நான் இலங்கையில் ஹட்டன் பக்கம். உங்கட இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். பட்டியல்தான் வாசல் என்பதை எங்கட மலையக மக்கள், அதாவது இந்தியாவில் இருந்து தோட்ட வேலைக்கு வந்த தமிழரின் வழி வந்தவர்கள், அளவுக்கு அறிந்தவர்கள் குறைவு. நாங்கள் அதைத் தேருநர் இடாப்பு என்போம்.

1931இலேயே இலங்கையில் எல்லோருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது, பெண்களுக்கும் சேர்த்து. தோட்டத் தொழிலாளருக்கு நிபந்தனைகள் போட்டார்கள், இருந்தாலும் பதிந்தவர்கள் வாக்களித்தார்கள். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. வேறு தொகுதிகளில் இடதுசாரிகள் வெல்லவும் தோட்ட வாக்குகள் உதவின. அடுத்த வருடம் சுதந்திரம். அதே 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் வந்தது. பிரஜை இல்லாதவர் பெயர் இடாப்பில் இருக்கக் கூடாது என்றார்கள். யாரும் வாக்குரிமை என்ற சொல்லைத் தொடவே இல்லை. பிரஜை யார் என்பதை மாற்றினார்கள், இடாப்பு தானாகச் சுருங்கியது. 1952 தேர்தலில் எங்கள் ஆள் ஒருவர்கூடப் பாராளுமன்றத்தில் இல்லை.

விண்ணப்பித்துப் பிரஜை ஆகலாம் என்று இன்னொரு சட்டமும் வைத்தார்கள். தொடர்ச்சியாக இத்தனை வருடம் இங்கே இருந்தோம் என்று காட்ட வேண்டும். எங்கள் தாத்தா தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். பிறப்பைப் பதிந்து வைக்க யார் இருந்தார்கள் அங்கே? ஒரு தகரப் பெட்டியில் அவர் சேர்த்து வைத்த காகிதங்கள் இப்போதும் வீட்டில் இருக்கின்றன. தோட்டத்துச் சம்பளத் துண்டுகள், கோயில் திருவிழா நோட்டீஸ், ஒரு தடுப்பூசி அட்டை. எது உதவும் என்று தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறார்.

அப்போதைய இலங்கை அரசியலமைப்பான சோல்பரி யாப்பில் 29(2) என்று ஒரு பிரிவு இருந்தது, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் செய்யக் கூடாது என்று. அதை வைத்துக் கோடக்கன் பிள்ளை வழக்கு லண்டனில் மேல்முறையீடு கேட்கும் பிரிவி கவுன்சில் வரை போனது. பிரஜை யார் என்று தீர்மானிப்பது எந்த நாட்டுப் பாராளுமன்றத்துக்கும் உரிய வேலை என்று 1953இல் தீர்ப்பு வந்தது. அப்புறம் 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரை இரண்டு அரசாங்கங்களும் கணக்குப் போட்டுப் பிரித்தன. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று. எங்கள் பெரிய தாத்தா குடும்பம் அப்படித்தான் கோத்தகிரிக்குப் போனது. நாடற்றவர்கள் என்ற பெயர் முழுதாகத் தீர 1988, 2003 என்று சட்டங்கள் வர வேண்டியிருந்தது.

---

வைகைக்கரை | 26 ஏப்ரல் 2024

தம்பி, இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தகரப் பெட்டி என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, எழுந்து போய்த் தன் பீரோவில் இருந்து பழைய ரேஷன் கார்டுகளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

---

பெருங்களத்தூர் ரயில் | 27 ஏப்ரல் 2024

இதெல்லாம் எனக்குத் தெரியாது. பள்ளியில் ஒரு வரிகூட இல்லை. நான் முதலில் எழுதியதில் இருந்து முழுதாக மாறிவிடவில்லை, தாத்தாவின் சிலிப் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனால் யார் நிரூபிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி என்று இப்போது புரிகிறது. வக்கீல் அண்ணா, இலங்கையில் நடந்த மாதிரி இங்கே நடக்க முடியுமா?

---

கொல்லிமலைச் சாரல் | 27 ஏப்ரல் 2024

நேர்மையாகச் சொன்னால், 326 ‘குடிமகன்’ என்றுதான் தொடங்குகிறது. குடியுரிமைக்குச் சட்டம் செய்யும் அதிகாரத்தைப் பிரிவு 11 நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. அதே கதவு இங்கேயும் இருக்கிறது.

ஆனால் சோல்பரி யாப்பில் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் ரேபரேலி வெற்றியைச் செல்லாது என்றது. அதே மாதம் நெருக்கடி நிலை. ஆகஸ்டில் 39ஆவது திருத்தம், பிரதமரின் தேர்தலை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது, முந்தைய தீர்ப்பும் செல்லாது என்று. அரசியலமைப்பையே திருத்தியாகிவிட்டது, இனி என்ன இருக்கிறது? அப்போதுதான் 1973 கேசவானந்த பாரதி தீர்ப்பு உதவியது. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தாலும் உடைக்க முடியாது என்று 13 நீதிபதிகளில் 7 பேர் சொன்ன தீர்ப்பு. அதைப் பிடித்துக்கொண்டு 1975 நவம்பர் 7 அன்று அந்தத் திருத்தத்தின் அந்தப் பகுதியை உச்ச நீதிமன்றம் அடித்தது, நெருக்கடி நிலையின் நடுவிலேயே. சுதந்திரமான, நேர்மையான தேர்தல் அடிப்படைக் கட்டமைப்பில் ஒன்று என்ற கருத்து அங்கேதான் வேர் பிடித்தது. இந்திரா காந்தியின் வெற்றியை அதே தீர்ப்பில் நிலைநிறுத்தினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், தேர்தல் சட்டத்தையே முன்தேதியிட்டுத் திருத்திவிட்டிருந்தார்கள்.

வைகைக்கரை, உங்கள் அம்மா முதல் ஓட்டுப் போட்ட 1977 தேர்தல் இதற்கு அடுத்தது.

---

கரும்பலகை | 9 ஜூன் 2024

முடிவு வந்துவிட்டதால் ஒரு விஷயம். பாராமுல்லாவில் இன்ஜினியர் ரஷீத் திகார் சிறையில் இருந்தபடியே ஜெயித்திருக்கிறார். பஞ்சாப் கதூர் சாகிப்பிலும் சிறையில் இருக்கும் ஒருவர் ஜெயித்திருக்கிறார். ஜெயித்தவர்கள் யார், எவர் என்பதற்குள் நான் போகவில்லை. சிறையில் இருப்பவர் நிற்கலாம் என்று 2013இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் விசாரணைக் கைதியாக உள்ளே இருப்பவர்கூட ஓட்டுப் போட முடியாது, பிரிவு 62(5). தண்டனை இன்னும் வராதவர் அவர். ஜாமீனுக்குப் பணம் கட்ட முடிந்தவன் வெளியே வந்து வரிசையில் நிற்கிறான், முடியாதவன் உள்ளே இருக்கிறான்.

தென்னாப்பிரிக்காவில் வாக்குரிமையை நேராக உரிமைகள் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். அதனால் 1999 தேர்தலுக்கு முன் கைதிகள் வழக்குப் போட்டபோது, அவர்களையும் பதிந்துகொள்ள ஏற்பாடு செய் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. எந்தப் பக்கத்தில் எழுதுகிறோம் என்பதற்கு இவ்வளவு வித்தியாசம்.

---

வைகைக்கரை | 16 நவம்பர் 2025

இழையை மேலே கொண்டுவருகிறேன். 2024 ஆகஸ்டில் அம்மாவுக்குப் படிவம் 6 கொடுத்து, பெயர் மறுபடி ஏறிவிட்டது என்று சொல்லாமலே விட்டுவிட்டேன், மன்னிக்கவும்.

இப்போது வாக்காளர் பட்டியலுக்குச் சிறப்புத் தீவிர திருத்தம். நவம்பர் 4இல் இருந்து வீடு வீடாகக் கணக்கெடுப்புப் படிவம் தருகிறார்கள். எங்களுக்கு வந்தவர் அங்கன்வாடி ஊழியர். ஒரு தெரு முழுக்க நடந்துவிட்டு எங்கள் திண்ணையில் உட்கார்ந்தபோது அவர் செருப்பு வார் அறுந்திருந்தது. அம்மா முதலில் அவரிடம், “என்னை இருக்கேன்னு எழுதிக்கோம்மா” என்றார்.

பழைய தீவிர திருத்தப் பட்டியலில் நம் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருந்தது என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் தொகுதியைப் பொறுத்து 2002 அல்லது 2005 பட்டியல். இரண்டு இரவு உட்கார்ந்து தேடினோம். அம்மா அப்போது வேறு தெருவில் இருந்தார், பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அப்பா பெயர் மேலே, அம்மா பெயர் கீழே. அப்பா இறந்து 14 வருடம். அந்தப் பக்கத்தை அம்மா அச்செடுத்து வைக்கச் சொன்னார்.

பக்கத்து வீட்டு அக்கா கட்டட வேலைக்கு ஊர் ஊராகப் போனவர். அவர் பெயர் எந்தப் பழைய பட்டியலிலும் கிடைக்கவில்லை. படிவத்தை மட்டும் நிரப்பிக் கொடுத்திருக்கிறோம்.

---

கொல்லிமலைச் சாரல் | 17 நவம்பர் 2025

படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வரைவுப் பட்டியலில் பெயர் வரும். பழைய பட்டியலோடு பொருந்தாதவர்களுக்கு அப்புறம் நோட்டீஸ் வரலாம், ஆவணம் கேட்பார்கள். படிவத்தின் நகலில், வீட்டுக்கு வந்த ஊழியரின் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பீகாரில் வரைவில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லாமல் போனபோது, யார் யார், என்ன காரணம் என்று தனித்தனியாக வெளியிட வேண்டும் என்று ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நீக்கியவர் காரணம் சொல்ல வேண்டும் என்ற இடத்துக்கு அந்த அளவிலாவது வந்திருக்கிறோம்.

---

வைகைக்கரை | 20 டிசம்பர் 2025

நேற்று வரைவு வந்தது. மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கு மேல் பெயர்கள் இல்லை என்கிறார்கள். அம்மா பெயர் இருக்கிறது. வீட்டு எண் மட்டும் தவறு.

பக்கத்து வீட்டு அக்கா பெயர் இல்லை. நீக்கியவர்கள் பட்டியலில் ‘இடம் பெயர்ந்தவர்’ என்று போட்டிருக்கிறது. நாங்கள் கொடுத்த படிவத்தின் நகலும் கையெழுத்தும் கையில் இருக்கிறது. ஜனவரி 18 வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

---

கரும்பலகை | 20 டிசம்பர் 2025

வீட்டு எண்ணுக்குப் படிவம் 8. அந்த அம்மாவுக்குப் படிவம் 6, கூடவே உறுதிமொழிப் படிவம். சனி, ஞாயிறு முகாம் போட்டால் சாவடியிலேயே கொடுத்துவிடலாம். எழுதிக் கொடுக்க ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், நான் மதுரைக்கு வருகிறேன், மகள் வீடு அங்கேதான்.

---

வைகைக்கரை | 21 டிசம்பர் 2025

வாங்க சார். அம்மாவும் கூட வருகிறேன் என்கிறார். அந்த அக்காவின் ரேஷன் கார்டு, மகனின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், எரிவாயுப் புத்தகம் மூன்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எங்கள் பீரோவில்தான் வைத்திருக்கிறார்.